உங்களுக்குத் தெரியுமா? முட்டையிடுவது தாய், அடைகாப்பது தந்தை!

இங்கிலாந்தின் லங்காஷயரில் உள்ள பெண்டில் ஹில் 557 மீட்டர் உயரம்தான். ஆனாலும் ஏப்ரல் கடைசியிலும் மே தொடக்கத்திலும் பறவை ஆர்வலர்கள் பலர் அதில் ஏறுவது டாட்டரெல் என்ற ஒரு பறவைக்காக. அது நம் உப்புக்கொத்திகளுக்கு உறவு. வட ஆப்பிரிக்காவில் குளிர்காலத்தைக் கழித்துவிட்டு வடக்கே போகும் வழியில், சிறு கூட்டமாக இங்கே இறங்கிப் பூச்சி பொறுக்கும். மனிதரைக் கண்டால் அவ்வளவாக மிரளாது.

கூட்டத்தில் எடுப்பான நிறம் ஆணுக்கல்ல, பெண்ணுக்கே! துணை தேடி முன்வருவதும் பெண்தான். பெரும்பாலும் மூன்று முட்டைகள் இடும். பிறகு பல பெண்கள் கிளம்பிவிட, நான்கு வாரம் போல அடைகாத்துக் குஞ்சுகளைக் கவனிப்பது தந்தை. மங்கலான நிறம் அதைக் கல்லோடும் பாசியோடும் கலந்து மறைக்கிறது. எத்தனை பொருத்தமான ஏற்பாடு!

பெண்டில் ஹில்லில் ஏறும் வழியில் புல்வெளிச் சரிவுகளில் கர்லூ என்ற பறவையின் நீண்ட குரலும் கேட்கும். வளைந்த அலகுள்ள அதே இனம் குளிர்காலத்தில் நம் கோடியக்கரைக்கும் வருகிறது.

பிரிட்டனில் கூடு கட்டும் டாட்டரெல்கள் 1980களிலிருந்து பாதிக்கும் மேல் குறைந்துவிட்டன. அதனால் பாதையை விட்டு விலகாமல், நாயைக் கயிற்றில் பிடித்தபடி, தொலைநோக்கியில் பார்ப்பதே சரி.