இடுப்புத்தளத் தசைகளும் இயன்மருத்துவமும்

கண்ணுக்குப் புலனாகும் உறுப்புகளைப் பேணுவதில் மாந்தர் காட்டும் கருத்து, உள்ளே மறைந்திருப்பனவற்றின்பாற் செல்வது அரிது. அங்ஙனம் மறக்கப்பட்டவற்றுள் ஒன்று இடுப்புத்தளம். முன்னே பூப்பென்பு முதற் பின்னே வாலென்பு ஈறாக, ஏணைச் சீலைபோலத் தாழ்ந்து கிடக்கும் தசைத்தொகுதியே இப்பெயர் பெறுவது. சலப்பை, கருப்பை, மலக்குடல் ஆகியவற்றைக் கீழிருந்து தாங்குதலும், சலமும் மலமும் வேண்டாப்பொழுது வெளியேறாவண்ணம் வாயில்களை இறுக்குதலும், வேண்டும்பொழுது தளர்ந்து வழிவிடுதலும் இதன் தொழில்களாம்.

மகப்பேற்றின்போது இத்தசைகள் பெரிதும் இழுபட்டு நீளுகின்றன. சிலபோது கிழிதலும் உண்டு. முதுமை, நாட்பட்ட இருமல், மலச்சிக்கல், மிகை எடை, இடையறாது பாரஞ் சுமத்தல் என்பனவும் இவற்றை நலிவிக்கும். நலிந்தவிடத்து, தும்மினும் சிரிப்பினும் சலம் கசியும். கருப்பை கீழிறங்கி அடிவயிற்றிற் பாரமாய் உணரப்படும். ஆடவரும் இதற்கு விலக்கல்லர். சுக்கிலச் சுரப்பியில் அறுவை செய்துகொண்டோர்க்குச் சலக்கசிவு உண்டாதல் கூடும்.

திருகோணமலை மாவட்டத்தின் தென்னெல்லையில், மகாவலி கங்கையின் கிளையாகிய வெருகலாறு கடலொடு கலக்கும் வெருகற் பகுதியை ஈண்டு எண்ணிப் பார்த்தல் தகும். வயலும் சேனையும் மீன்பிடியும் தொழிலாகக் கொண்ட இத்தகைய ஊர்களில், நீர்க்குடமும் விறகுக் கட்டும் பெரும்பாலும் பெண்டிர் சுமையே. பிள்ளை பெற்றவளுக்குக் காயங் கொடுத்து, வேது பிடித்து, துடக்குக் கழியும்வரை ஓய்வளிக்கும் வழக்கம் தமிழரிடை நெடுங்காலமாக உண்டு. அவ்வோய்வு நன்றே. ஆயின், ஓய்வு மட்டும் நலிந்த தசைக்கு வலியூட்டாது, பயிற்சியே வலியூட்டும்.

இவ்வுண்மையை மருத்துவ உலகிற் பரவச் செய்தவர் அமெரிக்க மகளிர்நோய் மருத்துவராகிய ஆணல்ட் கேகல். 1948இல் அவர் வெளியிட்ட கட்டுரை, முறையான பயிற்சியால் இத்தசைகள் மீள வலுப்பெறும் என்பதை எடுத்துரைத்தது. தசையின் அழுத்தத்தை அளந்து காட்டும் கருவியொன்றையும் அவர் பயன்படுத்தினார். பின்னர் நிகழ்ந்த ஆய்வுகள் பலவும், சலக்கசிவுக்கு முதற்கண் மேற்கொள்ளத்தக்கது இப்பயிற்சியே என வலியுறுத்துகின்றன.

பயிற்சி எளியது. சலத்தையும் வாயுவையும் அடக்குவார்போல அத்தசைகளை உள்நோக்கி மேலே இழுத்தல் வேண்டும். வயிறு, தொடை, பிட்டம் ஆகியன இறுகலாகா, மூச்சை அடக்கலாகா. சில விநாடிகள் நிறுத்தி, அத்துணை நேரம் தளர்த்துக. நாளடைவிற் பத்து விநாடிவரை நீட்டலாம். ஒருமுறைக்கு எட்டுத் தடவையேனும், நாளொன்றுக்கு மும்முறை, மூன்று திங்களேனும் இடைவிடாது செய்தாலன்றிப் பயன் புலப்படாது. சலம் கழிக்கும்போதே இடைநிறுத்திப் பயிலுதல் தவறு.

எல்லோர்க்கும் இறுக்குதலே மருந்தென்று கொள்ளற்க. சிலர்க்கு இத்தசைகள் அளவிறந்து இறுகி நோவு தரும்; அவர்க்குத் தளர்த்தும் பயிற்சியே வேண்டுவது. இவ்வேறுபாட்டைத் தேர்ந்தறிந்து வழிகாட்டுதலே இயன்மருத்துவர் கடன். சலத்திற் குருதி காணினும், சலம் கழியாது தடைப்படினும் தாமதியாது வைத்தியரை நாடுதல் வேண்டும்.

இலங்கையில் 1926இற் களுத்துறையில் முதற் சுகாதாரப் பிரிவு தொடங்கியதன் பின்னர் வளர்ந்த முறைமையால், குடும்பநல மருத்துவிச்சியர் தாய்மாரை இல்லந்தேடிச் சென்று காண்கின்றனர். அவரிடம் நாணாது ஒரு சொற் கூறுதலே நலத்தின் தொடக்கமாகும். அதற்குத் தமிழிற் சொல் இல்லையெனல் பொருந்தாது. 1847இல் யாழ்ப்பாணம் வந்த மருத்துவர் சாமுவேல் கிறீன் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார்; 1857இற் பிரசவ வைத்திய நூலொன்றைத் தமிழில் வெளிவரச் செய்தார். நூற்றாண்டுக்கு முன்னரே இப்பொருளைத் தமிழ் பேசிற்று. பேச மறந்தது மொழியன்று. நாணத்தாற் கட்டுண்ட சமுதாயமே. கசிவும் இறக்கமும் தாய்மைக்குத் தரவேண்டிய விலையென்று எண்ணி வாளா பொறுத்திருக்கும் அன்னையர்க்கு, அவை தீர்க்கத்தக்க நோயே என்பதை எடுத்துக் கூறுதல் கற்றோர் கடனாகும்.