வீட்டுத் திரையரங்கிற்கும் ஓர் இடைவேளை
கோடை விடுமுறையில், சிகிச்சையிலுள்ள குழந்தையோடு படம் பார்க்கும் குடும்பங்களுக்கு

முழு ஆண்டுத் தேர்வுகள் முடிந்த மறுவாரத்திலிருந்து எங்கள் குழந்தைகள் புற்றுநோய்ப் புறநோயாளர் பிரிவில் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப எழும்: “இவனைத் தியேட்டருக்கு அழைத்துப் போகலாமா, டாக்டர்?” கேட்பவர் பெரும்பாலும் தாய். ஆனால் அவர் சேலைத் தலைப்பைப் பிடித்தபடி பின்னால் நிற்கும் அக்காவோ தம்பியோதான் அக்கேள்வியை வீட்டிலேயே சொல்லிக் கொடுத்து அனுப்பியிருப்பார்கள் என்பது அவர்கள் முகத்தைப் பார்த்தாலே விளங்கிவிடும்.

“இப்போது வேண்டாம்” என்பதே பல நேரங்களில் எங்கள் விடை. காரணத்தை அறிந்துகொண்டால் அந்த விடையின் கசப்பு சற்றுக் குறையும். கீமோதெரபி மருந்துகள் வேகமாகப் பெருகும் செல்களைத் தாக்குகின்றன. இரத்த அணுக்களை உருவாக்கும் எலும்பு மஜ்ஜையும் அந்தத் தாக்குதலுக்கு உள்ளாகிறது. நோய்க்கிருமிகளை முதலில் எதிர்த்து நிற்கும் நியூட்ரோபில் என்னும் வெள்ளை அணுக்கள், பல மருந்துகளைப் பொறுத்தவரை, மருந்து செலுத்திய 7-ஆம் நாளிலிருந்து 14-ஆம் நாளுக்குள் மிகவும் குறைந்துவிடும். அந்நாட்களில் மூடிய அறையில் நூற்றுக்கணக்கானோருடன் மூன்று மணி நேரம் அமர்ந்திருப்பது வேண்டாத ஆபத்து. அடுத்த இருக்கையில் இருமுபவரை விட்டு விலகி அமரலாம். சின்னம்மையோ, கொப்புளம் தோன்றுவதற்கு ஓரிரு நாட்கள் முன்பே பரவத் தொடங்கிவிடும். யாரிடமிருந்து விலகுவது என்று எவருக்கும் தெரியாது.

இத்தடை நிரந்தரமானதன்று. பராமரிப்புச் சிகிச்சைக் கட்டத்தில், அணுக்களின் எண்ணிக்கை நன்றாக இருக்கும் வாரத்தில், கூட்டமில்லாத வேலைநாள் காலைக் காட்சிக்கு மருத்துவர் இசைவு தருவதுண்டு. அதுவரை வீடுதான் திரையரங்கு. வீட்டில் பார்ப்பதைக் கிடைக்காத ஒன்றிற்கு ஆறுதல் பரிசாகவே பல பெற்றோர் கருதுகின்றனர். அவ்வாறு கருத வேண்டியதில்லை. நோயுற்ற குழந்தையின் உடலுக்கேற்ப நிறுத்தவும், தொடரவும், பாதியில் உறங்கவும் இடந்தருவது வீடு மட்டுமே.

நம் ஊர்த் திரையரங்குகளில் இடைவேளை என்றொரு நல்ல வழக்கம் உண்டு. இரண்டரை மணி நேரப் படத்தை இடையில் நிறுத்தி விளக்கைப் போடுவார்கள். வீட்டில் படம் பார்க்கத் தொடங்கியபின் அவ்வழக்கம் மறைந்துவிட்டது. ஒன்று முடியுமுன் அடுத்தது தானாகவே ஓடத் தொடங்குகிறது. அந்த இடைவேளையை மீட்டுக் கொண்டுவாருங்கள் என்பதே எங்கள் முதல் வேண்டுகோள். விளக்கைப் போட்டு, வெப்பமானியை வைத்துப் பார்த்து, மாத்திரை நேரமானால் கொடுத்து, கழிவறைக்குப் போகச் செய்து, கைகளைச் சோப்பிட்டுக் கழுவிவிட்டு மீண்டும் அமரலாம். கண்களுக்கும் அது ஓய்வு. திரையை உற்றுப் பார்க்கும்போது இமைப்பது குறைந்து கண்கள் உலர்கின்றன. சன்னல் வழியே தொலைவிலுள்ள வேப்பமரத்தைச் சிறிது நேரம் பார்த்தாலே போதும். கைபேசியை வயிற்றின்மேல் நிறுத்தி வைத்துக்கொண்டு பார்ப்பதைக் காட்டிலும் தொலைக்காட்சியைத் தொலைவிலிருந்து பார்ப்பது கண்ணுக்கும் கழுத்துக்கும் நல்லது. குடும்பம் ஒன்றாக அமர்வதற்கும் அதுவே வழி.

குழந்தை நடுவில் உறங்கிவிட்டால் எழுப்பாதீர்கள். சிகிச்சைக் காலச் சோர்வு, உறக்கத்தாலும் முழுமையாகத் தீராத ஒன்று. “அவன் தூங்கிவிட்டான், நிறுத்து” என்று மற்றப் பிள்ளைகளின் படத்தையும் நிறுத்திவிடாமல், அவர்கள் பார்த்து முடிக்கட்டும். விழித்தெழுந்தவனுக்கு மீதிக் கதையைச் சொல்லும் பொறுப்பு அக்காவுடையது என்று முன்னரே பேசி வைத்துக்கொண்டால் பூசல் எழாது. சில வேளைகளில் அக்கா சொல்லும் கதை படத்தைவிட நன்றாக இருக்கிறது என்று குழந்தைகளே எங்களிடம் சொல்வதுண்டு.

தின்பண்டங்களைப் பற்றிச் சில சொற்கள். கீமோதெரபியால் வாய்ப்புண் வந்துள்ள குழந்தைக்குப் பாப்கார்னின் உமி முள்ளைப் போலக் குத்தும். முறுக்கும் தட்டையும் அப்படியே. அவர்களுக்கு ஆறிய கேழ்வரகுக் கூழ், மசித்த வாழைப்பழம், அன்றே செய்த இட்லி போன்றவை ஏற்றவை. நான்கு வயதுக்குக் கீழுள்ள எந்தக் குழந்தைக்கும் பாப்கார்னும் முழு வேர்க்கடலையும் வேண்டாம். சிரிக்கும்போது மூச்சுக் குழலுக்குள் போய்விடும். நெஃப்ரோடிக் நோய்க்குச் சிகிச்சை பெறும் குழந்தைகளுக்கு உப்புக் கட்டுப்பாடு இருப்பதால் பொட்டலச் சிப்ஸ் ஆகாது. ஸ்டீராய்டு மாத்திரை எடுக்கும் குழந்தை ஓயாது பசிக்கிறது என்று அழும். அது மருந்தின் வேலை, குழந்தையின் பிடிவாதம் அன்று. திரையில் உணவைக் கண்டால் அப்பசி இரு மடங்காகும். 2015-இல் திரைக்கு வந்த ‘காக்கா முட்டை’ படத்தில் சென்னைச் சேரிச் சிறுவர் இருவர் பீட்சாவுக்காக ஏங்குகின்றனர். அதைப் போடும் நாளில் தோசைக்கல்லை அடுப்பில் ஏற்றி வைத்துவிடுவது புத்திசாலித்தனம். படத்தில் வரும் பாட்டியும் அதைத்தான் செய்து பார்க்கிறாள்.

வயிற்றில் அறுவைச் சிகிச்சை முடிந்து வீடு திரும்பிய பிள்ளைக்கு நகைச்சுவைப் படம் போடுவதானால், சிறு தலையணை ஒன்றைத் தையலின்மேல் அணைத்துப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். சிரிப்பும் இருமலும் தையலை இழுத்து வலிக்கச் செய்யும். அணைத்த தலையணை அந்த வலியைத் தாங்கும். ஆஸ்துமா உள்ள குழந்தைக்கு ஓயாத சிரிப்பே இழுப்பைத் தூண்டக்கூடும் என்பதால் இன்ஹேலர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

வலிப்பு நோயுள்ள குழந்தைகளின் பெற்றோர் பலர், தொலைக்காட்சியே கூடாது என்று முடிவு செய்துவிடுகின்றனர். மின்னும் ஒளியால் வலிப்பு தூண்டப்படுவது, வலிப்பு நோயுள்ளோரில் நூற்றுக்கு மூவர் அளவிலேயே காணப்படுகிறது. சிறுவரிடமும் வளரிளம் பருவத்தினரிடமும் சற்று மிகுதி. 1997 டிசம்பர் 16 அன்று ஜப்பானில் ஒளிபரப்பான ‘போக்கிமான்’ தொடரின் ஒரு காட்சியில், சிவப்பும் நீலமும் நொடிக்குப் பன்னிரண்டு முறை அளவில் மாறி மாறி மின்னியதால், 600-க்கும் மேற்பட்டோர், பெரும்பாலும் குழந்தைகள், மருத்துவமனைகளுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். அதன்பின் இத்தகைய காட்சிகளுக்குக் கட்டுப்பாடுகள் வந்தன. உங்கள் குழந்தைக்கு இத்தன்மை உண்டா என்பதை ஈ.ஈ.ஜி. பரிசோதனையைக் கொண்டு மருத்துவர் கூறுவார். உண்டு என்றால், அறையில் விளக்கு எரியட்டும். திரையிலிருந்து தள்ளி அமரட்டும். ஒளி மின்னும் காட்சி வந்தால் ஒரு கண்ணை உள்ளங்கையால் முழுவதுமாக மூடிக்கொள்ளக் கற்றுக்கொடுங்கள். இரு கண்களையும் வெறுமனே மூடுவது போதாது. இமை வழியே ஒளி உட்புகும். இவையனைத்தையும்விடப் பெரிய ஆபத்து ஒன்றுண்டு. விடுமுறைதானே என்று நள்ளிரவு வரை படம் பார்த்து உறக்கத்தைக் கெடுப்பதும், அந்த மயக்கத்தில் இரவு மாத்திரையை விட்டுவிடுவதுமே எங்கள் அவசரப் பிரிவுக்குக் குழந்தைகளைக் கொண்டுவருகின்றன.

எந்தப் படம்?

இதுவே கடினமான பகுதி. தணிக்கைச் சான்றிதழ் ஓரளவுக்கே உதவும். 2024 முதல் யு/ஏ சான்றிதழ் 7+, 13+, 16+ என மூன்றாகப் பிரிக்கப்பட்டுள்ளது. வன்முறையையும் தகாத சொற்களையும் வடிகட்ட அது பயன்படும். ஆனால் மருத்துவமனைப் படுக்கையைப் பார்த்துவிட்டு வந்த ஒரு குழந்தையை எந்தக் காட்சி உலுக்கும் என்பதை எந்தச் சான்றிதழும் கூறாது.

1990-இல் மணிரத்னம் இயக்கிய ‘அஞ்சலி’யைப் பலர் குழந்தைகள் படமாகவே நினைவில் வைத்துள்ளனர். அடுக்ககத்துப் பிள்ளைகளின் ஆட்டமும் இளையராஜாவின் பாடல்களும் மனத்தில் தங்கிவிட்டன. இறுதியில் அச்சிறுமி இறந்துபோவது மறந்துவிட்டது. ‘ஃபைண்டிங் நீமோ’வில் தாய் மீன் முதல் சில நிமிடங்களிலேயே இறக்கிறது, ‘தி லயன் கிங்’கில் தந்தை. இவை நல்ல படங்களே. நல்ல படங்கள் என்பதாலேயே ஆழமாகத் தைக்கும். எனவே பெரியவர் ஒருவர் முதலில் பார்த்துவிடுவது நலம். நேரமில்லையெனில் கதையின் முடிவையாவது அறிந்துகொள்ளுங்கள். அறிந்தபின் அப்படத்தை விலக்கத்தான் வேண்டும் என்பதில்லை. “இதில் ஒரு சோகமான இடம் வரும், நான் பக்கத்திலேயே இருப்பேன், நிறுத்த வேண்டுமென்றால் சொல்” என்று முன்னரே கூறிவிட்டால், பெரும்பாலான குழந்தைகள் அக்காட்சியைக் கடந்துவிடுகின்றனர். காட்சி வரும்போது பதறி ரிமோட்டைத் தேடுவதுதான் அவர்களை அச்சுறுத்துகிறது.

அப்போது ஒரு கேள்வி வரலாம்: “எனக்கும் இப்படி ஆகுமா?” படம் அக்கேள்வியை உண்டாக்கவில்லை, அது முன்பே உள்ளே இருந்தது, படம் கதவைத் திறந்தது, அவ்வளவே. “சீ, அப்படியெல்லாம் பேசக் கூடாது” என்று வாயை அடைத்தால், கேள்வி போய்விடாது. குழந்தை இனி உங்களிடம் கேட்காது. “உனக்கு ஏன் அப்படித் தோன்றியது?” என்று முதலில் கேளுங்கள். ஊசி வலிக்குமா என்பதே சில வேளைகளில் உண்மையான கேள்வியாக இருக்கும். மெய்யாகவே மரணத்தைப் பற்றிக் கேட்டால், நடந்துகொண்டிருப்பதை உண்மையாகவும் எளிமையாகவும் சொல்லுங்கள்: “இந்த நோயைச் சரிசெய்யத்தான் மருந்து கொடுக்கிறார்கள். டாக்டர் எனக்குச் சொல்வதை உனக்கும் சொல்வேன். உன்னைத் தனியே விடமாட்டேன்.” உங்களால் தாங்க இயலாத வாக்குறுதியைத் தர வேண்டாம். அடுத்த வருகையின்போது எங்கள் ஆலோசகரிடம் அதைக் கூறினால், அவர் குழந்தையோடு அமர்ந்து பேசுவார்.

உடன்பிறந்தவரின் விடுமுறை

நோயுறாத பிள்ளையைப் பற்றி யாரும் எங்களிடம் கேட்பதில்லை. அவனுக்கும் விடுமுறை போய்விட்டது. ஆனால் குறை சொல்ல உரிமை இல்லை. அம்மா வார்டில், அப்பா வேலையில், அவன் பாட்டி வீட்டில். சிறு பிள்ளைகள், தாம் கோபத்தில் சொன்ன சொல்லால்தான் தம்பிக்கு நோய் வந்தது என்றுகூட நம்புவதுண்டு; நம்பியதை வெளியே சொல்வதில்லை.

இக்குடும்பங்களுக்கு நாங்கள் கூறும் படம் ஜப்பானின் ஹயாவோ மியசாகி 1988-இல் உருவாக்கிய ‘மை நெய்பர் டோட்டோரோ’. ஒன்றரை மணி நேரத்திற்கும் குறைவு. தாய் மருத்துவமனையில் இருக்க, இரு சிறுமியர் தந்தையோடு கிராமத்து வீடொன்றிற்குக் குடிபெயர்கின்றனர். வில்லன் இல்லை, சண்டை இல்லை. தாயின் வருகை தள்ளிப்போகிறது என்ற செய்தி வந்ததும், பொறுப்பாக எல்லாவற்றையும் சமாளித்துவந்த அக்கா உடைந்து அழுகிறாள். தங்கையோ ஒரு சோளக்கதிரை எடுத்துக்கொண்டு மருத்துவமனையை நோக்கித் தனியே நடக்கத் தொடங்குகிறாள். மியசாகியின் தாயும் முதுகெலும்புக் காசநோயால் நெடுங்காலம் நோயுற்றிருந்தவர். அறிந்தவர் எடுத்த படம் என்பது தெரிகிறது. ‘காத்திருக்கும் பிள்ளைக்கு யாரும் முழு உண்மையைச் சொல்வதில்லை’ என்னும் வேதனையை இவ்வளவு மென்மையாகக் காட்டிய வேறொரு குழந்தைப் படத்தை நான் பார்த்ததில்லை. மொழி புரியாத சிறியவர்களுக்குப் பெரியவர் ஒருவர் கீழே வரும் வசன வரிகளைத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தால் போதும்.

படத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை முறைவைத்துக் கொடுங்கள். நோயுற்றவன் கேட்பதே எப்போதும் ஓடும் என்றானால் மற்றவன் மனம் சுருங்கும். நோயுற்றவனுக்கும் தன்னை எல்லோரும் வேறு விதமாக நடத்துகிறார்கள் என்ற எண்ணம் வலுக்கும். இன்று அண்ணன் முறை, நாளை தங்கை முறை. பாட்டியின் முறை வரும் நாளில் ‘மாயா பஜார்’ ஓடட்டும். 1957-இல் வந்த அப்படத்தின் கல்யாண விருந்துக் காட்சிக்கு இன்றைய பிள்ளைகளும் விழுந்து விழுந்து சிரிக்கின்றனர்.

சித்தி பிள்ளைகள், மாமா பிள்ளைகள் சேர்ந்து பார்க்க வருவதில் தவறில்லை. சளி, காய்ச்சல், வயிற்றுப்போக்கு, உடலில் கொப்புளம் ஆகியவை உள்ள எவரும் அன்று வர வேண்டாம் என்று முதல் நாளே தொலைபேசியில் கூறிவிடுங்கள். உறவினர் வருத்தப்படுவார்களோ என்று தயங்க வேண்டாம். மருத்துவமனை சொன்னதாக எங்கள்மேல் பழியைப் போட்டுவிடுங்கள். வந்துபோன பிள்ளைக்கு அடுத்த சில நாட்களில் சின்னம்மை கண்டால், உங்கள் குழந்தைக்கு ஒன்றுமில்லை என்று காத்திராமல் அன்றே எங்களுக்குத் தெரிவியுங்கள். தொடர்பு ஏற்பட்ட சில நாட்களுக்குள் கொடுத்தால்தான் பயனளிக்கும் தடுப்பு மருந்துகள் உள்ளன.

படம் ஓடிக்கொண்டிருக்கும்போது குழந்தை போர்வையை இழுத்துக்கொண்டு நடுங்கினாலோ, வழக்கத்திற்கு மாறாகச் சோர்ந்து சாய்ந்தாலோ, படத்தை நிறுத்தி வெப்பநிலையைப் பாருங்கள். கீமோதெரபி பெறும் குழந்தைக்கு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் அல்லது அதற்குமேல் இருந்தால், பாராசிட்டமால் கொடுத்துவிட்டுக் காலை வரை பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். சிகிச்சைக் கையேட்டில் உள்ள எண்ணை உடனே அழைத்துவிட்டுப் புறப்படுங்கள். மீதிப் படத்தை வார்டில் பார்த்துக்கொள்ளலாம். வீட்டிலுள்ள பிள்ளை அதே நேரத்தில் அங்கே போட்டுப் பார்க்க, இருவரும் தொலைபேசியில் பேசிக்கொண்டே பார்த்து முடித்த படங்கள் எங்கள் வார்டில் பல உண்டு. பக்கத்துப் படுக்கைக் குழந்தை உறங்கிக்கொண்டிருக்கும். ஹெட்போனையும் சார்ஜரையும் மறவாமல் எடுத்து வாருங்கள்.