‘ஸ்டீவ்’ என்று கையெழுத்திட்ட ஸ்டெஃபனி

பிரிட்டனில் 1962இல் ஸ்டெஃபனி ஷர்லி வெறும் 6 பவுண்டு முதலீட்டில், தம் வீட்டிலேயே ‘ஃப்ரீலான்ஸ் புரோகிராமர்ஸ்’ என்ற மென்பொருள் நிறுவனத்தைத் தொடங்கினார். மென்பொருளைத் தனியாக விற்கலாம் என்பதையே பலர் நம்பாத காலம் அது.

ஜெர்மனியின் டார்ட்மண்ட் நகரில் 1933இல் யூத நீதிபதி ஒருவரின் மகளாகப் பிறந்தவர் அவர். நாஜிகளிடமிருந்து குழந்தைகளை மீட்ட ரயிலில், ஐந்து வயதில் அக்காவுடன் இங்கிலாந்து வந்து வளர்ப்புப் பெற்றோரிடம் வளர்ந்தார். லண்டனில் அஞ்சல்துறை ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்துக்கொண்டே மாலை வகுப்பில் கணிதப் பட்டம் பெற்றார். ஆனால், பெண் என்பதால் மேலே போக வழியில்லை. சொந்த நிறுவனத்துக்கு வித்திட்டது அந்தத் தடைதான்.

கல்யாணமும் குழந்தைப்பேறும் திறமையான பெண்களை வேலையிலிருந்து வெளியேற்றிக்கொண்டிருந்தன. அவர்களையே ஷர்லி தேடிப்பிடித்தார். அன்று நிரலை முதலில் பென்சிலால் தாளில்தான் எழுதினார்கள். பிறகுதான் அது அட்டையில் துளையிடப்பட்டுக் கணினிக்குப் போகும். ஆகவே, வீட்டில் கணினி வேண்டியதில்லை. தொலைபேசி இருந்தால் போதும். பிள்ளைகளின் சத்தம் வாடிக்கையாளருக்குக் கேட்காமலிருக்க, தட்டச்சு ஓசையைப் பதிவுசெய்து பின்னணியில் ஒலிக்கவிட்டார். வேலை கேட்டு அனுப்பிய கடிதங்களுக்குப் பதில் வராதபோது, கணவர் சொன்ன யோசனைப்படி ‘ஸ்டீவ்’ என்று ஆண் பெயரில் கையெழுத்திட்டார். அதன் பிறகே வாய்ப்புகள் வரத் தொடங்கின. திறமை மாறவில்லை, பெயர் மட்டுமே மாறியது. அன்றைய பாகுபாட்டுக்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

கான்கார்டு விமானத்தின் கறுப்புப் பெட்டிக்கான நிரலை எழுதியவர்கள் இப்படி வீட்டிலிருந்து உழைத்த பெண்களே. முதல் 300 ஊழியர்களில் 297 பேர் பெண்கள். 1975இல் பாலினப் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் வந்தபோது, பெண்களுக்கு முன்னுரிமை தருவதும் சட்டவிரோதமாகி, ஆண்களுக்கும் கதவு திறந்தது.

அவருடைய ஆகப்பெரிய சாதனை, நிறுவனத்தின் பங்குகளை ஊழியர்களுக்குக் கொடுத்ததே. 1996இல் நிறுவனம் பங்குச்சந்தைக்கு வந்தபோது ஊழியர்களில் 70 பேர் கோடீஸ்வரர்கள் ஆனார்கள். உழைப்பவருக்கு உடைமையிலும் பங்கு கிடைத்தால்தான் சமத்துவம் முழுமை பெறும் என்பதை அவர் செயலில் காட்டினார்.

தம் மகன் ஜைல்ஸுக்கு ஆட்டிசம் இருந்ததால், ஓய்வுக்குப் பின் தம் செல்வத்தில் பெரும்பகுதியை ஆட்டிசம் தொடர்பான பணிகளுக்கு வழங்கினார். 2025 ஆகஸ்டில், 91ஆம் வயதில் காலமானார்.