காற்றுக்குக் காத்திருந்த ஊர்

மலைத்தண்ணீர் போகும் வழி – 11

கள்ளக்குறிச்சிக்காரர்களுக்குக் கடல் கைவிட்டுப் போய் ரொம்ப காலம் ஆகவில்லை. 1993 வரை நாங்கள் தென்னார்க்காடு. கலெக்டர் ஆபீசுக்குக் கடலூர் போனால் அப்படியே கடலையும் பார்த்துவிட்டு வரலாம். பிறகு விழுப்புரத்தோடு சேர்ந்தோம். அப்போதும் மரக்காணம் எங்கள் மாவட்டத்துக் கடற்கரைதான். 2019 நவம்பர் 26-ல் தனி மாவட்டம் ஆனபோதுதான் ஒரு முழம் கரைகூட இல்லாமல் போயிற்று. தண்ணீர் மட்டும் பழைய வழியை விடவில்லை. கல்வராயன் மலையில் இறங்கும் கோமுகி மணிமுத்தாற்றோடு சேர்ந்து, கூடலையாத்தூரில் வெள்ளாற்றில் கலந்து, பரங்கிப்பேட்டையில் கடலுக்குள் போகிறது. போன வாரம் அந்த முகத்துவாரத்தில் நிறுத்தியிருந்தோம்.

இனி கடல் ஏற வேண்டும். பரங்கிப்பேட்டையில் மீன்பிடிப் படகு உண்டு, ஆள் ஏற்றும் கப்பல் இல்லை. அதற்கு நாகப்பட்டினம் போக வேண்டும். இலங்கைக் காங்கேசன்துறைக்குக் கப்பல் அங்கிருந்துதான், அதுவும் காலையில். பாஸ்போர்ட், சுங்கம் எல்லாம் இருப்பதால் விடிவதற்குள் துறைமுகத்து வாசலில் நிற்கச் சொல்கிறார்கள். விருத்தாசலம், சிதம்பரம், காரைக்கால் என்று பஸ் மாறிப் போகிறவர்களுக்கு அது நடக்கிற காரியம் இல்லை. ஆகவே ஒரு நாள் முன்பே போய்ச் சேர்ந்துவிட வேண்டும். அந்த ஒரு நாளை என்ன செய்வது?

கூட வந்த மச்சானிடம் பதில் தயாராக இருந்தது.

“காலையில சிக்கல், மத்தியானம் வேளாங்கண்ணி, சாயங்காலம் நாகூர். முடிஞ்சுது மாப்ள. மூணு சாமியும் பார்த்த மாதிரி ஆச்சு.”

சுற்றுலா வேன்கள் எல்லாம் போடுகிற கணக்கு இதுதான். மேற்கே ஐந்து கிலோமீட்டர், தெற்கே பத்துப் பன்னிரண்டு, வடக்கே ஆறேழு. மூன்றும் சேர்த்தாலும் ஆட்டோ தூரம். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இந்த முக்கோணத்துக்கு நடுவில் நாகப்பட்டினம் என்று ஓர் ஊர் இருக்கிறது, அதைத்தான் யாரும் பார்ப்பதில்லை. கப்பல் ஏறப் போகிறவன் பார்க்க வேண்டியது அதைத்தான் என்று நான் சொன்னேன். ஒரு பேரம் பேசி, நாகூரை மட்டும் சாயங்காலத்துக்கு வைத்துக்கொண்டோம்.

வெளிப்பாளையத்தில் கோர்ட்டும் அரசு அலுவலகங்களும் இருக்கிற பக்கம் ஆட்டோவை நிறுத்தச் சொன்னபோது டிரைவர் திரும்பிப் பார்த்தார். “இங்க என்னண்ணே இருக்கு?” அவர் கேட்டது நியாயம். பார்க்க ஒன்றுமில்லை. 19-ம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை இங்கே மூன்று நிலைச் செங்கல் கோபுரம் ஒன்று நின்றது. ஊரார் புதுவெளிக் கோபுரம் என்றார்கள். கடலில் வருகிற வெள்ளைக்கார மாலுமிகள் சீனப் பகோடா என்று பெயர் வைத்து, அதை அடையாளமாகக் கொண்டு கரை பிடித்தார்கள். பாண்டிச்சேரியிலிருந்து வந்த ஏசு சபைப் பாதிரியார்கள் கல்லூரி கட்ட இடம் கேட்டு, அரசாங்க அனுமதியோடு 1867-ல் அதை இடித்தார்கள். அந்தக் கல்லூரியும் 1883-ல் திருச்சிக்குப் போய்விட்டது. திருச்சி புனித வளனார் கல்லூரி என்றால் எல்லோருக்கும் தெரியும். பிறந்த இடம் இதுதான் என்பது அவ்வளவாகத் தெரியாது.

இடித்தது சூடாமணி விகாரத்தின் மிச்சம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். ஸ்ரீவிஜயத்து அரசன் தன் தந்தை சூளாமணிவர்மனின் பெயரால், ராஜராஜனின் இசைவோடு, 1006 வாக்கில் எழுப்பிய புத்த விகாரம் அது. ராஜராஜன் அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயையே எழுதிக் கொடுத்தான். அந்தக் கொடையைச் சொல்லும் 21 செப்பேடுகளும் அவன் மகன் ராஜேந்திரனின் முத்திரை வளையமும் டச்சுக்காரர்கள் கையில் கடல் கடந்து போய், லெய்டன் செப்பேடு என்ற பெயரும் வாங்கிக்கொண்டன. விகாரத்தைச் சுற்றி மண்ணுக்கடியில் கிடந்த வெண்கலப் புத்தர்கள் முந்நூற்றுக்கு மேல். அவற்றைப் பார்க்க எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டும்.

சைவம் கொடி கட்டிப் பறந்த சோழநாட்டுக் கரையில், சுமத்ராப் பக்கத்து அரசன் எதற்காகப் புத்த விகாரம் கட்ட வேண்டும்? ராஜதந்திரம் என்று பாடப்புத்தகம் சொல்லும். அதுவும் உண்மைதான். எனக்கு அதைவிடக் காற்றுதான் காரணமாகப் படுகிறது. பாய்மரக் காலத்தில் தென்மேற்குக் காற்று பிடித்தால்தான் இங்கிருந்து கிழக்கே போக முடியும். வடகிழக்குக் காற்று திரும்பிய பிறகுதான் அங்கிருந்து இங்கே வர முடியும். ஐப்பசி, கார்த்திகையில் இந்தக் கரையே மூடிவிடும். டச்சு, ஆங்கிலக் கப்பல்கள்கூட அக்டோபர் நடுவில் நங்கூரத்தைத் தூக்கிக்கொண்டு விலகி ஓடிவிடும். சரக்கு விற்றவன் மறு காற்று வரும்வரை மாதக்கணக்கில் இங்கேயே கிடக்க வேண்டும். அவனுக்குத் தங்க இடம் வேண்டும், நேர்ந்துகொள்ளச் சாமி வேண்டும், செத்தால் எடுத்துப் போட ஆள் வேண்டும். காத்திருக்கிறவர்களை வைத்துப் பிழைத்த ஊர் இது. இதை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால் நாகையில் பாதி விஷயம் தானாகப் புரிந்துவிடும்.

நீலாயதாட்சி அம்மன் கோயில் என்று சொன்னால் ஆட்டோ நேராகக் கொண்டுபோய் விடும், சுவாமி காயாரோகணர். அங்குள்ள ராஜேந்திரன் காலத்துக் கல்வெட்டுகளில் ஸ்ரீவிஜயத்து அரசனின் முகவர்கள் கொடுத்த நகைகளும் சீனப் பொன்னும் பதிவாகியிருக்கின்றன. புத்தனுக்கு விகாரம் கட்டியவர்கள் சிவனையும் விட்டுவைக்கவில்லை. வியாபாரிக்குக் கரையில் பகை கூடாது. இவ்வளவு கொடுத்தும் அதே ராஜேந்திரன் 1025 வாக்கில் ஸ்ரீவிஜயத்துக் கடாரத்தின் மீது படை ஏவினான் என்பது வேறு கதை. மச்சான் கல்வெட்டு எதையும் பார்க்கவில்லை. பிரகாரத்தைச் சுற்றிவிட்டு, “மாப்ள, இங்கயே ஒரு சாமி கணக்கு வந்துடுச்சு” என்றார்.

மதியத்துக்கு மேல் பாப்பாக்கோவில் பக்கம் போனோம். எந்தச் சுற்றுலாக் கையேட்டிலும் இந்த இடம் இருக்காது. எங்கள் பக்கத்து ஆட்களுக்கோ நாகையில் இதைவிட நெருக்கமான இடம் வேறில்லை. மலாயா ரப்பர்த் தோட்டங்களுக்குக் கூலிகளை ஏற்றி அனுப்பிய காலத்தில் கப்பலுக்கு முன்னால் ஆட்களை வைத்திருந்த டிப்போக்கள் இரண்டு: சென்னைக்கு ஆவடி, நாகைக்குப் பாப்பாக்கோவில். திருச்சி, தஞ்சாவூர், சேலம், வடார்க்காடு, தென்னார்க்காடு ஆகியவைதான் கங்காணிகள் வலை வீசிய மாவட்டங்கள். கல்வராயன் மலையின் இரண்டு பக்கத்துச் சமவெளியும், சேலம் பக்கமும் கள்ளக்குறிச்சிப் பக்கமும், அந்தப் பட்டியலுக்குள் அடங்கிவிடும்.

நடைமுறை இப்படி. தோட்டத்துத் துரை தன்னிடம் வேலை செய்யும் ஒருவனுக்குக் கங்காணி லைசென்ஸ் வாங்கிக் கொடுத்து ஊருக்கு அனுப்புவார். அவன் தன் ஊரிலும் அக்கம்பக்கத்திலும் ஆள் சேர்ப்பான். தலைக்கு இவ்வளவு என்று அவனுக்குக் கமிஷன். ‘இவன் விருப்பப்பட்டுத்தான் போகிறான்’ என்பதற்கு ஊர் முன்சீப்பின் கையெழுத்து வேண்டும். அப்புறம் ரயில். நாகையிலிருந்து தஞ்சாவூருக்கு 1861-லேயே இருப்புப்பாதை வந்துவிட்டது. மறு ஆண்டு திருச்சி வரை போயிற்று. தென்னிந்தியாவின் பழைய ரயில் பாதைகளில் ஒன்று இந்தத் துறைமுகத்திலிருந்து புறப்பட்டதற்குச் சரக்கு மட்டும் காரணம் இல்லை. டிப்போவில் டாக்டர் சோதிப்பார், அம்மை குத்துவார்கள், துணி கொடுப்பார்கள், சாப்பாடு போடுவார்கள். கப்பல் வரும்வரை ஒரு வாரம்போல உள்ளேயே இருக்க வேண்டும். செலவெல்லாம் 1907 முதல் தோட்ட முதலாளிகளிடம் வசூலித்த குடியேற்ற நிதியில். இலவசம் என்ற சொல்லுக்கு எங்கள் ஊரில் அப்போதே ஆள் விழுந்திருக்கிறார்கள். 1938-ல் இந்திய அரசு இந்த ஆள்பிடிப்புக்குத் தடை போட்டது.

அந்த ஒரு வாரம் ஊர் சுற்ற அவர்களை விட்டிருக்க மாட்டார்கள். வெளியே போனால் திரும்பி வரமாட்டான் என்ற பயம் கங்காணிக்கு. நாகப்பட்டினத்தில் ஒரு வாரம் தங்கியவர்கள் நாகப்பட்டினத்தைப் பார்க்காமலே கப்பல் ஏறியிருக்கிறார்கள்.

கப்பலும் கரைக்கு வராது. ஆழம் போதாது, ஒரு மைல், இரண்டு மைல் தள்ளித்தான் நங்கூரம். அதுவரை படகில் போய், அலை தூக்கிப் போடுகிற நேரம் பார்த்துக் கப்பலின் ஏணியைப் பிடிக்க வேண்டும். ‘ரஜூலா’ அப்படித்தான் நின்றது. 1926-ல் ஸ்காட்லாந்தில் கட்டிய கப்பல். பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனிக்காரர்களுடையது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஓடியது. தொடக்கத்தில் ஐயாயிரம் பேருக்கு மேல் ஏற்ற அதற்கு லைசென்ஸ் இருந்தது. அதில் பெரும்பாலோர் டெக் பாசஞ்சர்கள், அதாவது பாயை விரித்த இடம்தான் அவர்களுடைய அறை. எங்கள் தெருவில் ஒரு வீட்டில் இன்னும் தகரப் பெட்டி ஒன்று இருக்கிறது. மூடியில் வெள்ளைப் பெயின்ட்டில் தாத்தாவின் பெயர், கீழே ‘பினாங்’. இப்போது அதில் விதைக் கேழ்வரகு போட்டு வைத்திருக்கிறார்கள்.

ரஜூலாவை 1973-ல் இந்தியக் கப்பல் கழகத்துக்கு விற்றார்கள். அதன் வழியில் ‘எம்.வி. சிதம்பரம்’ ஓடியது. 1985 பிப்ரவரி 12-ல் அது சென்னைக்குத் திரும்பி வரும்போது நடுக்கடலில் தீப்பிடித்து நாற்பதுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். அத்தோடு தமிழ்நாட்டிலிருந்து மலேசியாவுக்கு ஆள் போகும் கப்பல் முடிந்தது. விமானம் மலிந்துவிட்டிருந்ததால் யாரும் பெரிதாகத் தேடவும் இல்லை.

இன்று எங்கள் பக்கத்தில் கப்பல் பயணம் என்று பேச்செடுத்தால் சென்னைச் சொகுசுக் கப்பலைத்தான் நினைக்கிறார்கள். 2022 ஜூன் 4-ல் முதலமைச்சர் ஸ்டாலின் தொடங்கிவைத்த ‘கார்டிலியா’. கப்பலே ஊராக இருக்கும் அது: நீச்சல் குளம், அரங்கம், பஃபே. சூதாட்டம் உள்ளே இருக்கிறதென்று அந்த ஆண்டு புதுச்சேரியில் அனுமதி கொடுக்கவில்லை. அதில் போனவர்களைக் கேட்டிருக்கிறேன். முந்தின நாள் சென்னையில் என்ன பார்த்தீர்கள் என்றால், தி.நகர் என்கிறார்கள். தப்பில்லை, காத்திருப்பதில் அதுவும் ஒரு வகை.

சாயங்காலம், பேசியபடி, நாகூர். தர்காவின் ஐந்து மனோராக்களில் உயரமானது 131 அடி, தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிங் கட்டியது. கடலிலிருந்து வருகிறவனுக்கு முதலில் தெரிவது அதுதான். தர்காவுக்குப் போகும் வழிக் கடைகளில் வெள்ளித் தகடு விற்கிறார்கள். உள்ளங்கை அளவு, ஏன் அதைவிடச் சின்னதும் உண்டு. கண் வலிக்குக் கண், முட்டி வலிக்குக் கால், பிள்ளை வேண்டுமென்றால் தொட்டில், வீடு வேண்டுமென்றால் வீடு, எல்லாம் அச்சில் அடித்தது. அந்த வரிசையில் படகும் இருந்தது: பாய்மரம், கீழே அலைக்கு மூன்று கோடு. மச்சான் அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இது யாருங்க பாய் வாங்கறாங்க?”

“கடலுக்குப் போறவங்க எல்லாம் வாங்குவாங்க. நீங்க எங்க போறீங்க?”

“யாழ்ப்பாணம். நல்லூர் முருகனைப் பார்க்க.”

“அப்ப எடுத்துக்குங்க. எஜமானுக்கு ஒண்ணு போட்டுட்டுப் போங்க.”

முருகனைப் பார்க்கப் போகிறவர் நாகூர் ஆண்டவருக்குப் படகுத் தகடு போட்டார். கடைக்காரருக்கும் அதில் ஆச்சரியம் இல்லை, மச்சானுக்கும் இல்லை. இங்கிருந்து போன மரைக்காயர்கள் அக்கரையில் இறங்கியதும் நாகூர் ஆண்டவரான சாகுல் ஹமீது நாயகத்தின் பெயரில் அங்கேயும் கட்டினார்கள். சிங்கப்பூர் தெலோக் ஆயர் தெருவில் இருக்கும் நாகூர் தர்கா 1828 முதல் 1830-க்குள் எழும்பியது. பினாங்கிலும் ஒன்று உண்டு. வேளாங்கண்ணிக் கதையிலும் புயலில் தப்பிய போர்த்துகீசிய மாலுமிகள்தான் வருகிறார்கள். இந்தக் கரையில் பெரிதாக நிற்கிற வழிபாட்டு இடங்களில் பலவற்றுக்கும் கடல் பயமே கடைக்கால்.

தர்கா வாசலில் வாடா சாப்பிடாமல் திரும்பக் கூடாது. அரிசி மாவில், மேலே இறால் வைத்துப் பொரித்தது. மாலை ஆறு மணிக்குச் சூடாகக் கிடைக்கும்.

திரும்பும்போது கடுவையாற்றுப் பக்கம் போய்த் துறைமுகத்தை ஒரு முறை வெளியே நின்று பார்த்துக்கொண்டோம். அக்கரைப்பேட்டை, கீச்சாங்குப்பம் என்று 2004 டிசம்பர் 26 சுனாமிச் செய்தியில் திரும்பத் திரும்பக் கேட்ட பெயர்கள் இங்கேதான். நாகை மாவட்டத்தில் மட்டும் அன்று ஆறாயிரம் பேருக்கு மேல் போனார்கள். இப்போது விசைப்படகுகள் நெருக்கியடித்து நிற்கின்றன, ஐஸ் உடைக்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கிறது.

காங்கேசன்துறை இங்கிருந்து சுமார் 110 கிலோமீட்டர். நாலு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளலாம். கள்ளக்குறிச்சியிலிருந்து நாகைக்கு வந்து சேர இதைவிட அதிக நேரம் ஆகிறது. 2023 அக்டோபர் 14-ல் பிரதமர் காணொலியில் தொடங்கிவைக்க, ‘செரியாபாணி’ என்ற 150 பேர் போகும் கப்பல் புறப்பட்டது. தேதியைக் கவனியுங்கள். பழைய மாலுமிகள் கரையை விட்டு ஓடுகிற அதே அக்டோபர் நடு. சில நாள்தான் ஓடியது, வடகிழக்குப் பருவமழை வந்து நிறுத்திவிட்டார்கள். மறுபடி 2024 ஆகஸ்ட் 16-ல் ‘சிவகங்கை’ என்ற கப்பல் வந்தது. அதுவும் மழைக்காலத்தில் நின்று, 2025 பிப்ரவரியில் திரும்ப ஓடியது. ரேடார் இருக்கிறது, செயற்கைக்கோள் இருக்கிறது, ஆனாலும் ஐப்பசி வந்தால் நாகைக்கு ராஜராஜன் காலத்து அட்டவணைதான். கச்சிராயபாளையத்தில் கோமுகி அணை 46 அடியைத் தொடுமா என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிற அதே மழைதான் இங்கே கப்பலைக் கட்டிப்போடுகிறது. போக நினைப்பவர்கள் மாசியிலிருந்து ஆவணிக்குள் திட்டம் போடுங்கள். போட்ட பிறகும் ஒரு நாள் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

லாட்ஜ் கவுண்டரில் இருந்த பெரியவர் சாவியைக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: “காலையில ஒரு போன் போட்டுக் கேட்டுட்டுக் கிளம்புங்க சார். காத்து தூக்குச்சுன்னா எடுக்க மாட்டாங்க.” மூன்றரைக்கு அலாரம் வைத்தோம்.

(தொடரும்)