வலம் வந்த கால்களுக்கு ஓர் உருளை

பௌர்ணமிக்கு மறுநாள் காலையில், செங்கம் சாலையில் ரமணாசிரமத்தை அடுத்துள்ள தேநீர்க் கடைகளில் சிறிது நேரம் அமர்ந்திருப்போர் ஒரு காட்சியைத் தவறாமல் காண்பர். முந்திய இரவு 14 கிலோமீட்டர் வெறுங்காலுடன் மலையை வலம் வந்தவர்கள், பெஞ்சில் அமர்ந்து கெண்டைக்காலைப் பிசைந்துகொண்டிருப்பார்கள். படி இறங்குகையில் சுவரைப் பற்றிக்கொள்வார்கள். அண்மைக் காலமாக அவர்களுள் சிலருடைய பைகளிலிருந்து சிறு தலையணை போன்ற ஓர் உருளையும் வெளிவருகிறது. 'ஃபோம் ரோலர்' என்று இளைஞர்கள் அழைக்கும் நுரை உருளையே அது. வேளாங்கண்ணிக்குப் பாதயாத்திரை செல்லும் நம் குடும்பங்களிலும் இது புகுந்துவிட்டது. ஆகவே இதனைத் தேர்ந்தெடுக்கும் முறை குறித்து வாசக அன்பர்களுடன் சற்று உரையாட விழைகிறோம்.

முதலில் வலியின் காரணத்தை அறிவோம். நடந்த அன்று அவ்வளவாக வலிப்பதில்லை. ஒரு நாள் கழித்தே வலி தலைகாட்டுகிறது. இரண்டாம், மூன்றாம் நாள்களில் உச்சத்தை எட்டி, பின்னர் தானே தணிகிறது. தசையில் 'லாக்டிக் அமிலம்' தேங்கிவிடுவதே காரணம் என்று நெடுங்காலம் கூறிவந்தனர். அது சரியன்று. அவ்வமிலம் ஏறத்தாழ ஒரு மணி நேரத்திற்குள் அகன்றுவிடுகிறது. பழக்கமற்ற உழைப்பினால் தசை நார்களில் ஏற்படும் நுண்ணிய சிதைவும், அதைச் சீராக்க உடல் மேற்கொள்ளும் முயற்சியுமே வலியாகத் தோன்றுகின்றன. மேட்டில் ஏறுவதைவிடச் சரிவில் இறங்குவதே தசைக்கு அதிகச் சேதம் தருகிறது. இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே எடையைத் தாங்க வேண்டியிருப்பதே அதற்குக் காரணம்.

இதனை நாமே அனுபவித்து அறிந்தோம். பங்கு இளைஞர்களுடன் ஒருமுறை ஆசிரமத்தின் பின்புறக் கற்பாதை வழியே ஸ்கந்தாசிரமம் வரை ஏறி இறங்கினோம். ரமண மகரிஷி 1916 முதல் 1922 வரை வாழ்ந்த இடம் அது. மறுநாள் ஐம்பதைக் கடந்த நம் தொடைகள் நாற்காலியில் அமரவும் மறுத்தன. கடையொன்றில் "வலி பறந்துவிடும்" என்று உறுதியளித்து, முள் முள்ளாய்ப் புடைத்த, கல்லொத்த கடினமான உருளை ஒன்றைத் தந்தனர். ஆர்வ மிகுதியால் அழுத்தி உருட்டினோம். பறந்தது வலியன்று, நம் உறக்கமே! கெண்டைக்காலில் நீலம் பாரித்துவிட்டது. தவறு உருளையினுடையதன்று, தேர்ந்தெடுத்த நம்முடையதே.

எதனை வாங்குவது?

புதியவர்களுக்கு மிருதுவான அல்லது நடுத்தர அழுத்தம் உடைய, மேற்பரப்பு வழுவழுப்பான உருளையே போதும். கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள்: சற்று அமுங்கி உடனே பழைய வடிவுக்குத் திரும்ப வேண்டும். அமுங்கியபடியே நின்றால் சில வாரங்களில் உருக்குலைந்துவிடும். அமுங்கவே இல்லையேல் அது பயிற்சி பெற்ற ஓட்டக்காரர்களுக்கு உரியது. ஏறத்தாழ 15 சென்டிமீட்டர் குறுக்களவே பரவலானது. பயணப் பையில் வைக்க 30 சென்டிமீட்டர் நீளம் போதும். முதுகையும் சாய்த்துப் பயில விரும்புவோருக்கு 90 சென்டிமீட்டர் தேவை. வியர்வையை உறிஞ்சாத, துடைத்தெடுக்கத்தக்க மேற்பரப்பு நன்று. மின்கலத்தால் அதிரும் உருளைகளுக்குக் கூடுதல் பணம் செலவிட வேண்டிய கட்டாயம் இல்லை.

தரையில் அமர்ந்து எழ இயலாத முதியோர் என் செய்வது? சப்பாத்திக் கட்டையை மெல்லிய துண்டால் சுற்றி, நாற்காலியில் அமர்ந்தபடியே கெண்டைக்காலில் மென்மையாக உருட்டலாம். உள்ளங்காலுக்கு டென்னிஸ் பந்து ஒன்று போதும். தைலம் தேய்த்துப் பிடித்துவிடும் நம் பழைய முறையும் இழிந்ததன்று. மூட்டுவாதத்தால் வருந்திய ரமணரின் கால்களுக்கும் ஆசிரமத்தார் தைலம் தேய்த்ததுண்டு.

உருட்டும் முறை எளிது. கெண்டைக்காலின் அடியில் உருளையை வைத்து, கைகளைப் பின்னால் ஊன்றி, மெதுவாக முன்னும் பின்னும் நகர வேண்டும். ஒரு தசைக்கு ஒரு நிமிடம் போதும். மூச்சை அடக்க வேண்டிய அளவுக்கு வலித்தால் அழுத்தத்தைக் குறையுங்கள். முழங்காலின் பின்குழி, எலும்பு முனைகள், இடுப்புக்கு மேலுள்ள கீழ்முதுகு ஆகியவற்றின் மீது உருட்டலாகாது.

பயன் எவ்வளவு? 21 ஆய்வுகளை ஒருங்கே ஆராய்ந்து 2019-ஆம் ஆண்டில் வெளிவந்த கட்டுரை, பயிற்சிக்குப் பின் உருட்டுவதால் வலியுணர்வு சராசரியாக ஏறத்தாழ 6 விழுக்காடு குறைவதாகக் கண்டது. சிறு ஆறுதல்தான், அற்புதமன்று. "நஞ்சு வெளியேறும்", "முடிச்சுகள் கரையும்" என்னும் விளம்பரங்களை நம்பிப் பணத்தைக் கரைக்க வேண்டா. உறக்கம், தண்ணீர், நல்லுணவு, மறுநாள் மெல்லிய நடை ஆகிய நான்கும் செலவின்றியே கிடைப்பவை.

உருளையைத் தொடக் கூடாத வேளை

இதனைக் கூறவே முதன்மையாக எழுத முனைந்தோம். நமக்கு அறிமுகமான அன்பர் ஒருவர் இரவு முழுதும் காரில் அமர்ந்து பெங்களூரிலிருந்து வந்தார். மறுநாள் மலையை வலம் வந்தார். பின்னர் அவருடைய இடது கெண்டைக்கால் மட்டும் வீங்கிற்று. தசைப்பிடிப்பு என்றெண்ணி உருளையை எடுத்தார். செவிலியாகப் பணியாற்றும் அவருடைய மருமகள், "மாமா, அதை வையுங்கள், முதலில் மருத்துவரிடம் போவோம்" என்று தடுத்தாள். பரிசோதனையில் காலின் ஆழ்சிரையில் இரத்தம் உறைந்திருந்தது தெரிந்தது. அவ்வுறைகட்டி பெயர்ந்து நுரையீரலை அடைத்தால் உயிருக்கே ஆபத்து. உரிய வேளையில் மருந்து கிடைத்தது. இன்று நலமாய் இருக்கிறார்.

ஆகவே நினைவிற்கொள்ளுங்கள்: நடைவலி பெரும்பாலும் இரு கால்களிலும் வரும். ஒரு காலில் மட்டும் வீக்கம், சூடு, சிவப்பு ஆகியவை தோன்றினால் உருட்டாதீர்கள், பிசையாதீர்கள்; உடனே மருத்துவரை நாடுங்கள். மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ சேர்ந்தால் ஒரு கணமும் தாமதிக்கலாகாது. இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்போர், எலும்புத் தேய்வும் சுருள்சிரை நோயும் உடையோர் முன்னரே ஆலோசனை பெறுவது நலம். நீரிழிவால் பாதத்தில் உணர்ச்சி குன்றியோர், வெறுங்காலுடன் நடக்கும் முன்னரே மருத்துவரைக் கேட்க வேண்டும். காலில் தைத்த முள்ளை அவர்கள் அறியாமலே போகலாம்.

நெடுவழி நடந்து வீடு திரும்பும் பெற்றோர் தம் வலியைப் பிள்ளைகளிடம் சொல்வதில்லை. ஆதலால், பிள்ளைகளே, அன்று மாலை வெந்நீரில் அவர்கள் பாதங்களைக் கழுவித் துடைத்து, விரலிடுக்குகளை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள்; இரு கெண்டைக்கால்களும் ஒரே பருமனாய் உள்ளனவா என்று ஒப்பிடுங்கள். உருளையை வாங்குவதைப் பற்றி அதற்குப் பின்னர் யோசிக்கலாம்.