வலிக்காத புண்

அண்மையில் குடியாத்தத்து நெசவாளர் சங்கமொன்றின் கணக்குகளைப் பார்வையிடச் சென்றிருந்தோம். நூல் வாங்க வந்த முதிய அங்கத்தினர் ஒருவரின் பாதத்தில் பழந்துணி சுற்றியிருந்தது. “ஆணி குத்திப் பத்து நாளாகிறது, ஐயா. வலியே இல்லை” என்றார். அவர் நீரிழிவு நோயாளி. வலியில்லை என்ற சொல்லே நம்மைக் கலங்கச் செய்தது.

நீரிழிவு நாட்பட்டால் பாதத்தின் நரம்புகள் உணர்ச்சி குன்றும். இரத்த ஓட்டமும் குறையும். குழித்தறியில் வெறுங்காலால் மிதிப்பவர் முள் தைத்தாலும் அறியார். அப்புண் எலும்புவரை சென்றால் விரலையோ காலையோ இழக்க நேரிடும்.

புண்ணை உலரவிட்டாலே ஆறும் என்பது நெடுநாளைய நம்பிக்கை. 1962-ஆம் ஆண்டில் ஜார்ஜ் விண்டர் என்னும் ஆராய்ச்சியாளர், ஈரம் காக்குமாறு மூடிய காயங்களில் புதுத்தோல் ஏறக்குறைய இருமடங்கு விரைவாக வளர்வதைப் பன்றிகளிடம் சோதித்துக் காட்டினார். அவ்வழியில் வந்ததே ஹைட்ரோஜெல் கட்டு. ஊறிய சப்ஜா விதையைச் சூழும் வழுவழுப்பைப் போன்றது அது. தன் நுண்ணிய வலைக்குள் நீரைத் தாங்கி, உலர்ந்த புண்ணுக்கு ஈரமளிக்கும். நீர் மிகுதியாகக் கசியும் புண்ணுக்குப் பொருந்தாது. புண்ணின் வெப்பம், அமிலத்தன்மை, சர்க்கரை ஆகியவற்றின் மாறுதலுக்கேற்பத் தானே மருந்தை வெளியிடும் கட்டுகளையும் விஞ்ஞானிகள் உருவாக்கி வருகின்றனர். அவற்றுட் பெரும்பாலானவை இன்னும் ஆய்வுக்கூடத்திலேயே உள்ளன.

ஆயினும், எத்துணைச் சிறந்த கட்டாயினும் புண்ணின்மீது விழும் உடற்பாரத்தை நீக்காது. இதனை உணர்த்திய பணி நம் அண்டையிலேயே நடந்தது. 1946-இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த டாக்டர் பால் பிராண்டு, தொழுநோயாளரின் விரல்கள் அழிவதற்கு, வலியறியாமல் நேரும் காயங்களே பெருங்காரணம் என்று கண்டார். அதனால் அவர்களுக்கென மெத்தென்ற ரப்பர் காலணிகள் செய்யப்பட்டன. நீரிழிவுப் பாதத்திற்கும் அப்பாடம் பொருந்தும்.

ஆகவே அங்கத்தினர்கள் நாள்தோறும் உள்ளங்காலை நல்ல வெளிச்சத்தில் பார்த்தல் வேண்டும். பார்வை குன்றியோர் வீட்டாரைப் பார்க்கச் சொல்லலாம். வெறுங்காலுடன் நடத்தல் ஆகாது. காலணியை உதறிப் பார்த்தே அணிதல் நன்று. புண் கண்டால் அன்றே மருத்துவரை நாடுக. எந்தக் கட்டு ஏற்றதென அவரே தீர்மானிக்கட்டும். அறுந்த இழையை உடனே முடிபவர்கள் காற்புண்ணைப் பத்து நாள் விட்டுவைக்கலாமா?

அன்று கணக்குகளை ஒத்திவைத்து, முதியவரைச் சங்கச் செயலாளருடன் மருத்துவமனைக்கு அனுப்பினோம். புண் ஆறும்வரை தறி மிதிக்கலாகாது என்று மருத்துவர் கூறிவிட்டார். அதுவரை அவர் பங்கு நூலை மகன் நெய்வதற்குச் சங்கம் இசைந்துள்ளது.