பிரேக் பிடித்தால் ஒரு பக்கம் இழுக்கும் வண்டி

திருவொற்றியூர் நெடுஞ்சாலையில், டோல்கேட் அருகே, நடுவில் மெட்ரோ தூண்களும் பக்கத்தில் துறைமுகத்தை நோக்கி ஊரும் கண்டெய்னர் லாரிகளும் நெருக்க, பழைய காரையோ சரக்கேற்றிய 'குட்டி யானை' மினி லாரியையோ ஓட்டிச் செல்லும் ஒருவர், பிரேக்கை மிதிக்கும்போதெல்லாம் ஸ்டியரிங் தம் பிடியை மீறி ஒரு பக்கமாகத் திரும்புவதை உணர்ந்தும், "பழைய வண்டி, இழுக்கத்தான் செய்யும்" என்று சமாதானம் செய்துகொள்வாரானால், அவர் தமது உயிரையும் பிறர் உயிரையும் பணயம் வைப்பதோடு, பின்னொரு நாள் "எனக்குத் தெரியாது" என்று சொல்லும் வாய்ப்பையும் இழந்துவிடுகிறார்.

இந்தத் தோஷத்தின் காரணம் எளியது. முன்சக்கரம் இரண்டிலும் பிரேக் சமமாகப் பிடித்தால் வண்டி நேராக நிற்கும். ஒன்றில் குறைந்தால், பலமாகப் பிடிக்கும் சக்கரத்தின் பக்கமாகவே அது திரும்பும். ஆகையால் இடப்புறம் இழுக்கும் வண்டியில் பழுது பல சமயம் வலப்புறத்தில்தான் இருக்கும். இழுக்கும் பக்கத்தை மட்டும் பிரித்துப் பார்த்து, ஒன்றும் காணாமல், மெக்கானிக்கும் உரிமையாளரும் திகைப்பது இதனால்தான். உப்புக் காற்று ஓயாத இந்தக் கடலோரத்தில் பிரேக் காலிப்பரின் பின்கள் துருவேறி இறுகிப்போவதற்கு வாய்ப்புகள் அதிகம். பிரேக் பேடில் எண்ணெய் படிவது, ரப்பர் ஹோஸ் உட்புறம் வீங்கி அடைத்துக்கொள்வது, லோயர் ஆர்ம் புஷ் தேய்ந்து ஆடுவது ஆகியவையும் இதே விளைவைத் தரும்.

பரிசோதனைக்கு ஒரு கிரமம் உண்டு. முதலில் டயர்களின் காற்றைச் சரிபார்க்க வேண்டும். பிறகு போக்குவரத்து இல்லாத சமமான சாலையில் மெதுவாகச் சென்று, பிரேக் இல்லாமலே வண்டி இழுக்கிறதா, பிரேக் பிடித்தால் மட்டும் இழுக்கிறதா என்று பார்க்க வேண்டும்; முன்னதானால் டயர், அலைன்மென்ட், அல்லது விடாமல் உரசிக்கொண்டிருக்கும் பிரேக் ஆகியவற்றின் மீதும், பின்னதானால் பிரேக்கின் மீதும் புஷ்களின் மீதும் சந்தேகம் கொள்வதே நியாயம். நாலைந்து தடவை பிரேக் பிடித்து நிறுத்தியபின், தொடாமல், சக்கரத்தருகே உள்ளங்கையை நீட்டினால், வேலை செய்யாத பக்கம் வெப்பமின்றி இருப்பது தெரியும். பிரேக்கே பிடிக்காமல் ஓட்டியும் ஒரு பக்கம் கொதித்தால், அந்தப் பக்கம் உரசுகிறது. உரசும் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மெக்கானிக் காலிப்பர் நிப்பிளைச் சற்றே தளர்த்தும்போது சக்கரம் விடுபட்டுச் சுழன்றால், ஆயில் திரும்ப வழியின்றி ஹோஸ் அடைத்திருக்கக்கூடும். அப்போதும் இறுகியிருந்தால் காலிப்பரே ஜாம் ஆகியிருக்கிறது. இத்தனையும் பாராமல் அலைன்மென்டுக்குப் பணம் வாங்குவது பரிகாரம் ஆகாது. பேட் மாற்றினால் இரு பக்கமும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் இழுவை புதிதாகப் பிறக்கும்.

இனி சட்டம். 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 190-ஆவது பிரிவில், ஆபத்து விளைவிக்கக்கூடிய பழுதை அறிந்தோ, சாதாரணக் கவனத்தால் அறிந்திருக்கக்கூடியதாக இருந்தோ, அந்த வண்டியைப் பொதுவிடத்தில் ஓட்டுபவரை மட்டுமன்றி, ஓட்டச் செய்பவரையும் அனுமதிப்பவரையும் குற்றவாளியாக்குகிறது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி அபராதம் 1,500 ரூபாய் வரை. அப்பழுதால் விபத்து நேர்ந்து ஒருவர் காயமுற்றாலோ சொத்து சேதமானாலோ, மூன்று மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். கையில் உணரும் இழுவையைவிடச் சாதாரணக் கவனத்துக்கு எட்டுவது வேறென்ன? ஆகவே கூலிக்கு ஓட்டும் டிரைவர், பழுதை முதலாளியிடம் வாய்மொழியாகச் சொல்வதோடு நில்லாமல், தேதியோடு எழுத்திலும், வாட்ஸப்பிலாவது, தெரிவித்துவிட வேண்டும். எட்டு வருஷத்துக்கு மேற்பட்ட வர்த்தக வாகனத்துக்கு வருஷந்தோறும் எஃப்.சி. என்னும் தகுதிச் சான்று வாங்க வேண்டும் என்பது மெய்யே; ஆனால் அது கையில் இருப்பது, பிறகு முளைத்த பழுதுக்கு மன்னிப்புச் சீட்டாகாது.

பழுதுபார்த்த இடத்திலேயே ஏமாற்றப்பட்டால் வழியில்லாமல் இல்லை. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், முறைப்படி பில் தர மறுப்பதையே நியாயமற்ற வணிக முறையாகக் கருதுகிறது. சுயதொழிலால் பிழைப்பு நடத்துவதற்கென்றே வாங்கிய குட்டி யானை, அதன் சொந்தக்காரரை நுகர்வோர் என்ற தகுதியிலிருந்து நீக்கிவிடாது. பில்லில் மாற்றிய பாகங்களின் பெயரை எழுதச் சொல்லி, கழற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டால், குறையை நிரூபிக்கச் சாட்சியம் கைவசமாகும். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம். பயன்படாவிட்டால், இரண்டு வருஷத்துக்குள், தாம் வசிக்கும் அல்லது தொழில் புரியும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்தில், வக்கீல் இல்லாமலே மனுச் செய்யலாம். செலுத்திய தொகை ஐந்து லட்சத்தைத் தாண்டாவிட்டால் அங்கே கட்டணமும் இல்லை.

எனவே, இழுவை தெரிந்த அன்றே வண்டியை நிறுத்திப் பரிசோதிப்பதும், சரிசெய்ததற்குப் பில் வாங்கி வைப்பதும், உயிருக்கும் வழக்குக்கும் ஒருங்கே உதவும் காரியங்களாகும்.